கனடா போறீங்களா? டி.எல்.ஐ பட்டியலில் கல்லூரி பெயர் இருந்தால் மட்டும் போதாது!

“டி.எல்.ஐ நம்பர் இருக்கு, தைரியமா ஃபீஸ் கட்டுங்க.” கனடாவில் படிக்கக் கிளம்புபவர்களிடம் கன்சல்டன்சிகள் வழக்கமாகச் சொல்வது இதுதான். பொய் இல்லை. ஆனால் பாதி உண்மை.

வெளிநாட்டு மாணவர்களைச் சேர்க்க மாகாண அரசின் அனுமதி பெற்ற கல்லூரி, பல்கலைக்கழகங்கள்தான் டி.எல்.ஐ. ‘ஓ’ என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும் அந்த எண் இல்லாத கல்லூரியின் ஆஃபர் லெட்டருக்கு ஸ்டடி பெர்மிட் கிடைக்காது. அந்த எண்ணின் வேலை அதோடு முடிந்தது.

கனடா குடிவரவுத் துறையின் இணையதளத்தில் உள்ள அதே பட்டியலில் இன்னொரு கட்டமும் இருக்கு. படிப்பு முடிந்ததும் அங்கே வேலை பார்க்க அனுமதி தரும் பெர்மிட்டுக்கு (பி.ஜி.டபிள்யூ.பி) தகுதியான கோர்ஸ் அந்தக் கல்லூரியில் உண்டா என்று அதில் போட்டிருக்கும். பல தனியார் கல்லூரிகளுக்கு நேராக ‘இல்லை’தான். அங்கே வேலை பார்த்து எஜுகேஷன் லோனை அடைக்கலாம் என்ற கணக்கு அங்கேயே உடைந்துவிடும்.

‘ஆம்’ என்றிருந்தாலும் நிம்மதி இல்லை. அரசுக் கல்லூரியின் பாடத்திட்டத்தைத் தனியார் கல்லூரி உரிமம் வாங்கி நடத்தும் கோர்ஸ்கள் உண்டு. சர்டிஃபிகேட்டில் அரசுக் கல்லூரி பெயர், வகுப்பு வேறு கட்டடத்தில். 2024 மே 15 முதல் இவற்றில் சேர்ந்தவர்களுக்கு இந்த பெர்மிட் கிடையாது. கல்லூரி டிப்ளமோ என்றால், 2024 நவம்பர் 1 முதல் ஸ்டடி பெர்மிட்டுக்கு விண்ணப்பிப்பவர்களின் பாடப்பிரிவும் அரசு அறிவித்த துறைகளுக்குள் வர வேண்டும். டிகிரி, மாஸ்டர்ஸ், பிஎச்.டி-க்கு இந்தத் துறைக் கட்டுப்பாடு இல்லை.

‘போய்ச் சேர்ந்துட்டு மாத்திக்கலாம்’ என்பதும் இப்போது சுலபமில்லை. 2024 நவம்பர் 8 முதல் கல்லூரி மாற வேண்டுமென்றால் புதிய ஸ்டடி பெர்மிட் வாங்க வேண்டும்.

போலி ஆஃபர் லெட்டரால் இந்திய மாணவர்கள் பலர் நாடு கடத்தப்படும் நிலைக்குப் போனது 2023-ல் பெரிய செய்தி. அந்த ஆண்டு டிசம்பர் 1 முதல் லெட்டர் நிஜமா என்று குடிவரவுத் துறையே கல்லூரியிடம் கேட்டு உறுதி செய்கிறது. அதாவது, போலியைப் பிடிக்க ஆள் இருக்கு. நிஜக் கல்லூரியில் தப்பான கோர்ஸைத் தேர்ந்தெடுத்தால் தடுக்க ஆள் இல்லை. சேர்த்துவிட்டதற்குக் கல்லூரியிடம் கமிஷன் வாங்கும் ஏஜென்ட் அதைச் செய்வார் என எதிர்பார்ப்பதும் அப்பாவித்தனம்.

ஃபீஸ் கட்டும் முன் கல்லூரியின் இன்டர்நேஷனல் ஆஃபீஸுக்கு நேரடியாக ஒரு மெயில் போடுங்க: கோர்ஸின் சி.ஐ.பி குறியீடு என்ன, வகுப்பு எந்த கேம்பஸில், நடத்துவது யார், பி.ஜி.டபிள்யூ.பி உண்டா? பதிலை எழுத்தில் வாங்குங்க. அது வரும்வரை, “இன்னைக்குக் கட்டலைன்னா சீட் போயிடும்” என்று ஏஜென்ட் எத்தனை முறை போன் பண்ணினாலும் பணம் அக்கவுன்ட்டிலேயே இருக்கட்டும்.