சோற்றுத் தட்டும் மகப்பேறும்

“மணமாகி நான்கு ஆண்டுகள் நிறைந்துவிட்டன. மாதவிலக்கு இரண்டு மூன்று மாதங்களுக்கு ஒருமுறைதான் வருகிறது. சினைப்பையில் நீர்க்கட்டிகள் இருப்பதாகக் கூறிய மருத்துவர், சர்க்கரையை விரைவில் ஏற்றாத உணவுகளின் பட்டியலொன்றைக் கொடுத்தார். மாமியோ, சோற்றைக் குறைத்தால் பிள்ளை எப்படித் தங்கும் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?”

சென்ற மாதம் வந்த மடல் இது. இதே கவலையை வேறு சகோதரிகளும் எழுதியிருப்பதால் பொதுவாகவே விடை கூறுகிறேன்.

அப்பட்டியலுக்கு அடிப்படை ‘கிளைசெமிக் இண்டெக்ஸ்’ எனும் குறியீடு. கனடாவின் டொரொன்டோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் ஜென்கின்ஸ் குழுவினர் 1981-இல் இதனை வகுத்தனர். 50 கிராம் மாவுச்சத்து அடங்கிய உணவை உண்ணச் செய்து, இரண்டு மணி நேரம் இரத்தச் சர்க்கரை எவ்வாறு ஏறி இறங்குகிறது என்று அளப்பார்கள். குளுக்கோசுக்கு 100 எனக் கொண்டு மற்றவற்றை ஒப்பிடுவார்கள். 55 வரை குறைவு. 70-க்கு மேல் மிகுதி. வெள்ளைச் சோறு சராசரியாக 73, வெள்ளை ரொட்டி 75, சப்பாத்தி 52, பேரீச்சம்பழம் 42, கொண்டைக்கடலை 28.

இதற்கும் கருவுறுதலுக்கும் என்ன தொடர்பு? சர்க்கரை வேகமாக ஏறினால் அதனை அடக்க இன்சுலின் மிகுதியாகச் சுரக்க வேண்டியிருக்கிறது. நீர்க்கட்டியுள்ள பெண்கள் பலரின் உடல் இன்சுலினுக்கு எளிதில் பணிவதில்லை. எனவே அது மேலும் மேலும் சுரக்கிறது. மிகுந்த இன்சுலின் சினைப்பையைத் தூண்டி, ஆண்களுக்குரிய சுரப்பு நீரை அங்கே அதிகமாக்குகிறது. கருமுட்டை முழுதும் வளராமல் பாதியில் நின்றுவிடுகிறது. முட்டை வெளிப்படாத மாதத்தில் கருவுறுவது எங்ஙனம்?

ஆஸ்திரேலியாவின் சிட்னி நகர ஆய்வாளர்கள் 2010-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. உடல் பருத்த, நீர்க்கட்டியுள்ள 96 பெண்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்குக் குறியீடு குறைந்த உணவையும் மற்றவர்க்கு வழக்கமான நல்லுணவையும் தந்தனர். இருசாராரும் ஏறத்தாழ ஒரே அளவே மெலிந்தனர். ஆயினும் மாதவிலக்குச் சீர்ப்பட்டோர் முதற்பிரிவில் நூற்றுக்கு 95, மற்றதில் 63. இடையில் விலகியோர் பலர் என்பதால் இதனை அறுதி முடிவாகக் கொள்ளலாகாது. அமெரிக்காவில் 18,555 செவிலியரை எட்டாண்டுகள் கவனித்து 2009-இல் வெளியான ஆய்வோ, மாவுச்சத்தை மிக அதிகமாக உண்டவர்களிடம், மிகக் குறைவாக உண்டவர்களைவிட, முட்டை வெளிப்படாமையால் வரும் குறை ஏறக்குறைய இருமடங்கு இருந்ததாகக் கூறுகிறது. குறியீட்டு எண்ணை மட்டும் பார்த்தபோது, அதுவரை பிள்ளை பெறாதவரிடமே வேறுபாடு தெரிந்தது. ஆகவே எண்ணைவிட அளவே முதலில் கவனிக்க வேண்டியது.

எண்ணை மட்டும் நம்பினால் வேடிக்கையும் நேரும். தர்பூசணிக்கு 76, ஐஸ்கிரீமுக்கு 51! ஆனால் தர்பூசணியில் பெரும்பகுதி தண்ணீர். ஒரு துண்டில் உள்ள சர்க்கரை மிகச் சிறிது. பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு பழத்தை ஒதுக்கி ஐஸ்கிரீமை உண்ணலாகாது.

மாமியுடன் வழக்காட வேண்டியதில்லை, சகோதரி. சோற்றை விலக்கச் சொல்லவில்லை. இரண்டு அகப்பைச் சோற்றை ஒன்றாக்கி, அந்த இடத்தைப் பருப்பும் கீரையும் மீன் ஆணமும் நிரப்பட்டும். காய்கறியையும் மீனையும் முதலில் உண்டு, சோற்றைப் பின்னர் உண்டால் சர்க்கரை மெல்ல ஏறும். நெய்ச்சோறு சமைக்கும் நாளில் கூடவே பரோட்டாவும் வேண்டாம். வெறும் அரிசிக் கஞ்சியின் குறியீடு 78. நோன்புக் கஞ்சியில் பருப்பையும் கறியையும் தாராளமாகச் சேர்த்து அரிசியைக் குறையுங்கள். சர்பத்தை விட்டுத் தண்ணீரோடு நோன்பு திறக்கலாம். எடை மிகுந்தவர், இருக்கும் எடையில் நூற்றுக்கு ஐந்து பங்கு குறைத்தாலே முட்டை வெளிப்படத் தொடங்குவது உண்டு. மருத்துவர் தந்த மாத்திரைகளைத் தாமாக நிறுத்த வேண்டாம்.

கருக்குழாய் அடைப்புக்கு இவ்வுணவு மருந்தன்று. தங்கள் மடலில் கணவருக்குப் பரிசோதனை நடந்ததாக ஒரு சொல்லும் இல்லை. பிள்ளைப்பேறு தாமதிக்கும் தம்பதியரில் ஏறத்தாழப் பாதிப் பேரிடம் ஆணின் பக்கமும் காரணம் இருக்கிறது. விந்துப் பரிசோதனை எளியது, வலியற்றது. நான்கு ஆண்டுகள் தாங்கள் மட்டும் மருத்துவமனைப் படியேறியது போதும். அடுத்த முறை அவரையும் அழைத்துச் செல்லுங்கள். இந்தப் பக்கத்தை அவரிடமே படிக்கக் கொடுத்தாலும் நன்று.