குஞ்சு காக்கும் விராலுக்குத் தூண்டில் போடலாமா?

ஐப்பசி, கார்த்திகை மழையில் கந்தர்வக்கோட்டை வட்டாரக் குளங்களில் தண்ணீர் சேர்ந்துவிட்டால் போதும், கரை நெடுகத் தூண்டில் கம்புகள் முளைத்துவிடும். வயலுக்குத் தண்ணீர் கட்டப் போகிறவர்கூட மடியில் நரம்பும் முள்ளும் முடிந்துகொண்டு போவார். இதைக் குறை சொல்வதற்கில்லை. மீன்பாசி ஏலம் எடுத்தவர் முறைத்தாலும், குளத்தை நம்பி வாழ்கிறவன் வீட்டுக் குழம்புக்கு நாலு மீன் பிடித்துக்கொள்வதில் தப்பில்லை என்பதே என் கட்சி. ஆனால் ஒரு பழக்கத்தை மட்டும் நாம் விட்டாக வேண்டும்.

விரால் மழைக்காலத்தில் கரையோரப் பாசியை விலக்கி முட்டையிடுகிறது. பொரித்த குஞ்சுகள் சிவப்பாக, திரளாக, மூச்சு வாங்க அடிக்கடி மேலே வந்து தண்ணீரைக் கொப்பளிக்கும். தாயும் தகப்பனும் அடியிலேயே நின்று பல நாட்கள் காவல் காக்கும். அந்தக் கொப்பளத்தின் நடுவே தவளையைக் கோத்துப் போட்டால், பசியில்லாவிட்டாலும் கோபத்தில் வந்து கவ்வும். பெரிய சாமர்த்தியம் எதுவும் வேண்டாம். சிறுவயதில் நானும் இப்படிப் பிடித்தவன்தான். மூன்றாம் நாள் போய்ப் பார்த்தபோது குஞ்சுகளைக் காணவில்லை. கொக்குக்கும் மீன்கொத்திக்கும் வேறு என்ன வேலை?

இங்கிலாந்தில் டிரவுட் என்ற குளிர்நீர் மீனை, பறவை இறகால் கட்டிய போலி ஈயைக் காட்டிப் பிடிக்கிறார்கள். பனிக்காலத்தில் மீன் மந்தமாக ஆழத்தில் கிடக்குமாம். ஈயைக் கீழே இறக்கி மெதுவாக இழுக்க வேண்டுமாம். அது அவர்கள் பாடு. நாம் கவனிக்க வேண்டியது வேறு. பண்ணையில் வளர்த்து ஏரியில் விட்ட வானவில் டிரவுட்டைக் குளிர்காலத்திலும் பிடிக்கலாம். ஆற்றில் தானாகப் பெருகும் நாட்டு டிரவுட்டை அதே மாதங்களில் தொடக்கூடாது. அது முட்டையிடும் காலம். நம் நீலகிரிக்கும் இந்த மீன் வந்தது. 1907இல் அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகமே அமைத்தார்கள். அதற்கு முன்பே, 1879இல், அம்மாவட்டத்து வேட்டையையும் மீன்பிடிப்பையும் ஒழுங்குபடுத்தத் தனிச் சட்டம் வந்திருந்தது. துரைமார் தங்கள் பொழுதுபோக்குக்காகச் செய்ததுதான். ஆனாலும் கணக்கு சரியான கணக்கு.

அதே கணக்கை நம் குளத்தில் போட்டுப் பாருங்கள். கட்லா, ரோகு, மிர்கால் ஆகியவை தேங்கிய தண்ணீரில் இனம் பெருக்குவதில்லை. வருடந்தோறும் காசு கொடுத்துக் குஞ்சு வாங்கி விடுகிறோம். விராலுக்கு யார் குஞ்சு வாங்கினார்கள்? கோடையில் குளம் வற்றினால் சேற்றில் பதுங்கி உயிர் பிழைத்து, அடுத்த மழையில் தானே பெருகுகிறது. சந்தையில் கெண்டையைவிட அதற்குத்தான் விலை அதிகம். அந்த மீனின் குஞ்சு பொரிப்பகம் ஐப்பசியில் கரையோரம் நிற்கும் அந்த ஒரு ஜோடிதான்.

விரால் பெருகினால் விட்ட குஞ்சுகளைத் தின்றுவிடும் என்று ஏலம் எடுத்தவர்கள் சொல்வார்கள். பொய் இல்லை, பொடிக் குஞ்சை விட்டால் தின்னத்தான் செய்யும். நாலு விரற்கடைக்கு வளர்ந்த குஞ்சாகப் பார்த்து விட்டால் சேதம் வெகுவாகக் குறையும். அதோடு, கணக்கில்லாமல் பெருகிக் கட்லாவின் தீனியைப் பங்கு போடும் ஜிலேபிக் கெண்டையின் குஞ்சுகளையும் விரால்தான் குறைக்கிறது.

தூண்டில்காரர்களுக்குத் தை மாதம் இருக்கிறது. அதற்குள் குஞ்சுகள் கறுத்துப் பிரிந்து போயிருக்கும். மார்கழி, தைக் குளிரில் விடியற்காலையில் போய் நடுங்க வேண்டாம். தண்ணீர் குளிர்ந்திருந்தால் கெண்டை சரியாக இரை எடுக்காது. வெயில் ஏறிக் கரையோரம் சூடான பிறகு மண்புழுவோடு போங்கள். ஜிலேபியை எவ்வளவு வேண்டுமானாலும் பிடியுங்கள், குளத்துக்கும் நல்லது.

ஊராட்சிக் குளங்களின் ஏல நிபந்தனையில் இரண்டு வரி சேர்க்கக் கிராம சபையில் கேட்கலாம்: ஐப்பசி முதல் மார்கழி முடிய, குஞ்சோடு நிற்கும் விராலை ஏலம் எடுத்தவரும் பிடிக்கக் கூடாது, ஊராரும் பிடிக்கக் கூடாது, தை பிறந்ததும் வீட்டுத் தேவைக்குத் தூண்டில் போடுகிறவரை யாரும் விரட்டக் கூடாது. முதல் வரியை நாம் ஒப்புக்கொண்டால்தான் இரண்டாவது வரியை ஏலம் எடுத்தவரிடம் வாய் திறந்து கேட்க முடியும்.