டியூப்லைட் வானம்

2024 மே மாதம் லடாக்கில் ஹன்லே வானம் சிவந்த படம் பேப்பரில் வந்தது. என் மகள் கேட்டாள்: "அப்பா, நம்ம காரைக்குடியில எப்ப வரும்?"

நான் பி.காம். தெரியாது என்று சொல்ல கௌரவம் இடம் தரவில்லை. "இன்னிக்கு ராத்திரியே வரும்" என்று அடித்துவிட்டேன். மொட்டை மாடிக்கு வந்தது கொசுதான்.

மறுநாள் பிசிக்ஸ் வாத்தியார் நண்பரிடம் சரணடைந்தேன். அவர், ஹாலில் கண் சிமிட்டிக்கொண்டிருந்த டியூப்லைட்டைக் காட்டினார்.

"சங்கதி இதேதான். எலெக்ட்ரான் போய் வாயுவை இடிக்கும், வெளிச்சம் வரும். துருவத்துப் பக்கம் சுமார் நூறு கிலோமீட்டர் உயரத்துல நடக்குது. அதுல ஒரு ரகம் சில விநாடிக்கு ஒரு தரம் விட்டு விட்டு மினுக்கும்."

"சுவிட்ச் யார் கையில?"

பூமியின் காந்தக் கூண்டில், பல்லாயிரம் கிலோமீட்டர் தள்ளி, பிளாஸ்மா அடைபட்டுக் கிடக்கிறதாம். அதில் ஒரு மின்காந்த அலை விட்டு விட்டு எழும். ஒலியாக மாற்றிக் கேட்டால் விடியற்காலைக் குருவிக் கூச்சல்! அலை எழும்போதெல்லாம் எலெக்ட்ரான்கள் உதிர்ந்து, காந்தக் கோடுகளைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கும். ஜப்பான் 2016-ல் ஏவிய அராசே செயற்கைக்கோள் இதைக் கையும் களவுமாகப் பிடித்தது, 2018-ல் அறிவித்தார்கள்.

"கோடு தரைக்கு இறங்குறது துருவத்துல. காந்த நடுக்கோடு நம்ம திருநெல்வேலிப் பக்கம் போகுது. இங்கே கோடெல்லாம் துணி காயப்போடுற கொடி மாதிரி படுத்துக் கிடக்கும். எலெக்ட்ரான் எப்படிய்யா இறங்கும்?"

வீட்டுக்கு வந்து மகளிடம் ஒப்புக்கொண்டேன். "நம்ம ஊருக்கு வராதும்மா. நேத்து அப்பாவுக்குத் தெரியலை."

அவள் கோபிக்கவில்லை. அம்மாவிடம் ஓடிப்போய்ச் சொன்னாள்:

"அப்பா ஒரு டியூப்லைட்!"