வீடும் இறையும்

வீடு என்னும் சொல்லுக்கு விடுதலை என்றும் பொருளுண்டு. இறை என்னும் சொல்லோ அரசனையும் குறிக்கும். அவனுக்குச் செலுத்தும் வரியையும் குறிக்கும். வீடுபேறு எய்தினார்க்கு வரியில்லை. வீடு கட்டினார்க்கோ ஆண்டுக்கு இருமுறை வரியுண்டு! சோழர் காலக் கல்வெட்டுகள் சுட்டும் 'மனைஇறை' இன்றைய சொத்து வரிக்கு முன்னோடி எனலாம்.

நம் சாயர்புரம் மனையால் பிறந்த ஊர். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சாமுவேல் சாயர் என்னும் வணிகர் நிலம் வாங்கி மக்களைக் குடியமர்த்தினார். அவர் பெயரே ஊர்ப்பெயராயிற்று. பின்னர் ஜி.யு. போப் இங்குக் கல்விச்சாலை கண்டார். இன்று இவ்வூர் பேரூராட்சி. தூத்துக்குடித் துறைமுகத்திலும் உப்பளத்திலும் ஆசிரியப் பணியிலும் ஈட்டிய பொருளைச் சிறுகச் சிறுகச் சேர்த்து எழுப்பிய வீடுகளே இங்கு மிகுதி. அவ்வீடுகளின் மீதான வரி எவ்வாறு கணிக்கப்படுகிறது என்பதை அவற்றின் உரிமையாளர் பலரும் அறியார். அறிதல் வேண்டும் என்பது எம் கருத்து.

கட்டடத்தின் பரப்பு, அமைந்துள்ள தெரு, கூரையின் வகை, கட்டடத்தின் வயது, குடியிருப்பா வணிகமா என்னும் பயன்பாடு ஆகியவையே கணக்கின் அடிப்படை. பேரூராட்சிகளில் 2008க்குப் பின் பொதுச் சீராய்வு நிலைபெறவில்லை. 2018இல் அறிவித்த உயர்வும் 2019 நவம்பரில் நிறுத்திவைக்கப்பட்டது. மாநிலங்கள் சொத்து வரிக்குக் குறைந்தபட்ச வீதத்தை அறிவித்தாலன்றி நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கு மானியமில்லை எனப் பதினைந்தாம் நிதிக்குழு நிபந்தனை விதித்தது. அதன்பின் 2022 ஏப்ரலில் தமிழக அரசு வரியை உயர்த்தியது. பேரூராட்சிகளில் 600 சதுர அடி வரையுள்ள குடியிருப்புகளுக்கு 25 விழுக்காடு, 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்கு மேல் 100 விழுக்காடு என்பது அவ்வுயர்வு. வணிகக் கட்டடங்களுக்கு 100 விழுக்காடு.

வரியே வேண்டா என்பார் கூற்றை நாம் ஏலோம். தெருவிளக்கும் குடிநீரும் துப்புரவும் விலையின்றி வாரா. சொத்து வரியோடு ரூபாய்க்குப் பத்துக் காசு நூலக வரியாகவும் தண்டப்படுகிறது. வீட்டுக்காரர் செலுத்தும் அக்காசே ஏழை மாணவன் கையில் நூலாகிறது. சிறு வீட்டுக்குக் குறைந்த உயர்வு என்னும் முறையும் பாராட்டத்தக்கதே.

எனினும் ஒரு குறை உண்டு. வரி சுவரை அளக்கிறது. சுவருக்குள் வாழ்வாரின் வருவாயை அளப்பதில்லை. ஓர் எடுத்துக்காட்டுக் காண்போம். கணவர் கட்டிய 1,900 சதுர அடி வீட்டில் தனித்து வாழும் மூதாட்டி அரையாண்டுக்கு 1,000 ரூபாய் செலுத்தினார் எனில், உயர்வுக்குப் பின் 2,000 செலுத்துதல் வேண்டும். அவர்தம் குடும்ப ஓய்வூதியம் அதே நாளில் இருமடங்காகவில்லை. வீடு விற்றாலன்றி அவ்வீட்டின் மதிப்பு அவர்க்குச் சோறிடாது.

இம்மாவட்டத்துக் காயல்பட்டினத்தில் பெண்மக்களுக்கு வீடு வழங்கும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. அத்தகைய வீடுகளில், தமக்கெனத் தனி வருவாய் இல்லாத பெண்டிரே வரிக்கு உரியவராகின்றனர். அரையாண்டின் தொடக்கத்திலேயே வரி செலுத்துவோர்க்கு 5 விழுக்காடு ஊக்கத்தொகை உண்டு. பிந்துவோர்க்கு வட்டி உண்டு. கையில் பணமுள்ளார் சலுகை பெறவும், வெளிநாட்டிலிருந்து மகன் அனுப்பும் பணத்துக்குக் காத்திருப்பார் வட்டி கட்டவும் நேர்வது முறையோ?

ஆதலின் மூன்று வேண்டுகோள். பதினான்கு ஆண்டு வாளாவிருந்து ஒருநாளில் சுமையேற்றாமல், பொருளாதார நிலை நோக்கிச் சிறிது சிறிதாக உயர்த்துக. தாமே குடியிருக்கும், வருவாய் குன்றிய முதியோர்க்கும் கைம்பெண்களுக்கும் கழிவு தருக. இயலாதெனின், வீடு கைமாறும் நாள்வரை உயர்ந்த தொகையை வட்டியின்றி ஒத்திவைக்க. தெருவாரியாக வந்த வரியையும் செய்த பணியையும் பேரூராட்சி அலுவலக வாயிலில் எழுதி வைக்க.

மூன்றாவது புதிதன்று. முதற் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு, வரி செலுத்தும் நிலமும் சொந்த மனையில் கட்டிய வீடும் உடையாரே வாரியத்துக்குத் தகுதியுடையார் என்றது. அதே கல்வெட்டு, முன்பு வாரியத்திலிருந்து கணக்குக் காட்டாதாரையும் அவர்தம் உறவினரையும் விலக்கி வைத்தது. வரியும் கணக்கும் ஒரே கல்லில் பொறிக்கப்பட்டன.

நாம் வரியை மட்டும் நினைவிற்கொண்டு கணக்கை மறந்துவிட்டோம். வரிச்சீட்டு வந்ததும் முணுமுணுத்துக்கொண்டே செலுத்துகிறோம். பரப்பளவு சரிதானா என்று கூடப் பார்ப்பதில்லை. இனி அளவைச் சரிபார்ப்போம். பிழையிருப்பின் எழுத்தில் முறையிடுவோம். செலுத்துவதைக் காலத்தே செலுத்துவோம். செலுத்தியதற்குக் கணக்கும் கேட்போம். குடிமகனுக்கு அதுவே கடமை, அதுவே உரிமையும்.