மூணு நாளைக்கு ஒரு மாத்திரை

கொஞ்சம் நீளமான இழை. கல்லூரித் தமிழாசிரியர்களுக்குக் கோபம் வரலாம். முழுசா படிச்சிட்டு திட்டுங்க.

மருங்காபுரி, துவரங்குறிச்சி பக்கத்துக் கிராமங்களில் இருந்து என்னிடம் வருகிற பெரியவர்களோடு இப்போதெல்லாம் பேரனோ பேத்தியோ வருகிறார்கள். தினமும் பஸ் பிடித்துப் போய் டிகிரி முடித்தவர்கள், பல பேர் வீட்டின் முதல் பட்டதாரி. பகுதி ஒன்று தமிழில் செய்யுள், சிறுகதை, நாவல், நாடகம், உரைநடை எல்லாம் படித்தாயிற்று. சிறுகதையின் கூறுகளை விளக்குகன்னு கேளுங்க, நாலு பக்கம் எழுதுவாங்க. "பாட்டிக்கு எப்ப இருந்து, என்ன பண்ணுதுன்னு ஒரு பக்கம் எழுதிட்டு வாங்க"ன்னா பேனா நகராது.

அந்தப் பிள்ளைங்க மேல தப்பில்லை. எழுத்து வகைகளைப் பற்றி எழுதச் சொன்னார்கள். அந்த வகைகளில் ஒன்றையாவது எழுதச் சொல்லவில்லை. கலெக்டர் ஆபீஸ் வாசலில் காசு கொடுத்து மனு எழுதி வாங்குகிற வரிசையில் பட்டதாரிகளும் நிற்கிறார்களே, ஏன்?

எங்க கதை இன்னும் மோசம். திருச்சி அரசு மருத்துவக் கல்லூரிக்கு கி.ஆ.பெ. விசுவநாதம் பெயர். முத்தமிழ்க் காவலர் என்று பட்டம் பெற்ற மனிதர். ஆனால் தமிழ்நாட்டில் எந்த மருத்துவக் கல்லூரியில் படித்தாலும் கேஸ் ஷீட், ரெஃபரல் லெட்டர், டிஸ்சார்ஜ் சம்மரி எல்லாம் ஆங்கிலத்தில்தான் எழுதப் பழகுகிறோம். 2019 பாடத்திட்டத்தில் ஆரம்ப வகுப்பில் மொழிக்கும் கம்ப்யூட்டருக்கும் சேர்த்து 40 மணி நேரம் ஒதுக்கினார்கள். ஐந்தரை வருஷப் படிப்புக்கு! கடைசியில் அந்த டிஸ்சார்ஜ் சம்மரி போய்ச் சேருவது, அதைப் படிக்க முடியாத ஒருவரின் மஞ்சப்பைக்குள்.

"அதான் வாயால சொல்றீங்களே டாக்டர்?"

சரி, சொல்றேன். "மூணு நாளைக்கு ஒரு மாத்திரை." இப்ப நீங்க என்ன செய்வீங்க? தினம் ஒன்றாக மூன்று நாளா, மூன்று நாளைக்கு ஒருமுறையா?

"தைராய்டு மாத்திரையை வெறும் வயித்துல போடுங்க." நம்ம ஊரில் பாதிப் பேருக்கு டீ குடித்த வயிறும் வெறும் வயிறுதான். மூணு மாசம் கழித்து ரத்தப் பரிசோதனையில் அளவு சரியாகவில்லை என்று டோஸைக் கூட்டுவோம். தப்பு மாத்திரையில் இல்லை, வாக்கியத்தில்.

உயிர் போகிற உதாரணம் வேணுமா? மூட்டுவாதத்துக்குக் கொடுக்கும் மெத்தோட்ரெக்சேட். வாரத்தில் ஒரு நாள் மட்டும் போட வேண்டியது. தினமும் போட்டால் வாயெல்லாம் புண்ணாகி, வெள்ளை அணுக்கள் குறைந்து, ஆளே போகலாம். கூடவே தருகிற ஃபோலிக் அமிலமும் பெரும்பாலும் அதே போல சின்ன மஞ்சள் மாத்திரை. இங்கே "வாரம் ஒன்று" என்று எழுதினால் போதாது. "ஞாயிறு மட்டும். மற்ற ஆறு நாளும் இதைத் தொடக் கூடாது" என்று எழுத வேண்டும். இதுவும் ஓர் எழுத்து வகைதான். இதற்கும் இலக்கணம் உண்டு, பயிற்சி வேண்டும். எந்த செமஸ்டரில் இருக்கு, சொல்லுங்க?

தமிழில் முடியாதுன்னு மட்டும் சொல்லாதீங்க. யாழ்ப்பாணம் மானிப்பாயில் சாமுவேல் கிறீன் என்ற அமெரிக்க டாக்டர் 1848ல் மருத்துவம் கற்பிக்க ஆரம்பித்து, 1860களில் வகுப்பையே தமிழுக்கு மாற்றினார். பிரசவம், ரண வைத்தியம், உடற்கூறு என்று தமிழில் புத்தகம் போட்டார். வெளியூர்க்காரர் அவர்!

பொறியியல் கல்லூரிகளுக்கு 2022ல் அண்ணா பல்கலைக்கழகம் 'தமிழர் மரபு', 'தமிழரும் தொழில்நுட்பமும்' என்று இரண்டு தமிழ்ப் பாடம் கொண்டுவந்தது. சந்தோஷம். ஆனால் அங்கேயும் பெருமையைப் படிக்கிறோம். ஒரு மெஷினை எப்படி இயக்குவது என்று தமிழில் ஒரு பக்கம் எழுதுவது யார் வேலை?

"இலக்கியத்தைத் தூக்கிட்டு மனு எழுதக் கத்துக் கொடுக்கச் சொல்றியா?" இல்லைங்க. சிறுகதை இருக்கட்டும், ஆனா ஒரு கதையாவது எழுத வையுங்க. ஒருவர் சொல்வதில் எது முதலில் நடந்தது, எதை மறைக்கிறார் என்று கவனிக்கிற புத்தி கதை எழுதினால் வரும். அது வார்டில் எனக்கு வேணும்.

தமிழாசிரியர்களே, அடுத்த தேர்வில் பத்து மார்க்குக்கு இந்த ஒரு கேள்வியைப் போட்டுப் பாருங்க:

"உங்கள் பாட்டிக்கு வாரம் ஒருமுறை மட்டும் போட வேண்டிய மாத்திரை தரப்பட்டுள்ளது. அவருக்குக் கண் மங்கல். நீங்கள் வேலைக்குப் போன பிறகு பக்கத்து வீட்டுச் சிறுமி அவருக்குப் படித்துக் காட்டும்படி ஐந்து வரியில் குறிப்பு எழுதுக."

எங்க மருத்துவ மாணவர்களுக்கும் இதே கேள்விதான். திருத்துறது நீங்களும் வேண்டாம், நானும் வேண்டாம். ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒன்றைக் கூப்பிட்டு வாசிக்கச் சொல்லுங்க.