அரசிதழ் அறிவிக்கையில் கரையும் உரிமைகள்

29 தொழிலாளர் சட்டங்களை அகற்றிவிட்டு இயற்றப்பட்ட நான்கு சட்டத் தொகுப்புகளை 2025 நவம்பர் 21 அன்று ஒன்றிய பாஜக அரசு நடைமுறைக்குக் கொண்டுவந்தது. இவை வேலைநிறுத்த உரிமையையும் சங்க உரிமையையும் நெரிப்பதை மத்தியத் தொழிற்சங்கங்கள் தொடர்ந்து அம்பலப்படுத்தி வருகின்றன. அதே அளவு ஆபத்தான மற்றொரு கூறும் இவற்றில் உண்டு. மக்கள் பிரதிநிதிகள் தீர்மானிக்க வேண்டியவற்றை அரசாங்கத்தின் விருப்பத்திற்கு விட்டுவிட்டதே அது.

1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், இடைவேளை உட்பட ஒரு நாளின் வேலை பத்தரை மணி நேரத்திற்கு மேல் நீளக்கூடாது என்றும், மிகுதி நேர வேலை காலாண்டுக்கு 50 மணி நேரத்தைத் தாண்டக்கூடாது என்றும் வரையறுத்திருந்தது. புதிய தொகுப்பு எட்டு மணி நேர வேலை என்று கூறிக்கொண்டே, இவ்விரு வரம்புகளையும் ‘உரிய அரசாங்கம்’ முடிவு செய்யும் என்கிறது. ஆட்குறைப்புக்கும் ஆலை மூடலுக்கும் அரசின் முன் அனுமதி பெற வேண்டிய வரம்பு 100 தொழிலாளர்களிலிருந்து 300ஆக உயர்த்தப்பட்டுள்ளது. அதையும் அறிவிக்கை ஒன்றின் மூலமே மேலும் உயர்த்தலாம். தரைமட்ட ஊதியத்தைக் கணக்கிட 1957ஆம் ஆண்டின் 15ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாடு வகுத்த நெறிகளுக்குச் சட்டத்தில் இடமில்லை. கணக்கிடும் முறை விதிகளுக்கு விடப்பட்டுள்ளது.

நுணுக்கமான விவரங்கள் அனைத்தையும் நாடாளுமன்றமே எழுத இயலாது என்பது உண்மைதான். விவரங்களை வகுக்கும் பொறுப்பை நிர்வாகத்திடம் ஒப்படைக்கலாம். ஆனால் கொள்கையைத் தீர்மானிக்கும் அடிப்படை அதிகாரத்தைச் சட்டமியற்றும் அவை கைவிட முடியாது என்பதே 1951இல் தில்லிச் சட்டங்கள் வழக்கிலிருந்து உருவான கோட்பாடு. ஒரு தொழிலாளி எத்தனை மணி நேரம் ஆலையில் இருக்க வேண்டும் என்பது நுணுக்க விவரம் அல்ல. அது அவரது உடலையும் வாழ்வையும் பற்றிய கொள்கை முடிவு.

பெருந்தொற்றுக் காலத்தில் குஜராத் பாஜக அரசு ஓர் அறிவிக்கையின் வழியே 12 மணி நேர வேலையைத் திணித்து, மிகுதி நேரத்திற்கான இரட்டிப்பு ஊதியத்தையும் பறித்தது. 2020 அக்டோபர் 1 அன்று உச்சநீதிமன்றம் அதனை ரத்து செய்தது. போர், அந்நிய ஆக்கிரமிப்பு, உள்நாட்டுக் குழப்பம் ஆகியவற்றால் நாட்டின் பாதுகாப்புக்கு ஆபத்து நேரும் ‘பொது அவசரநிலை’யில் மட்டுமே விலக்கு அளிக்கலாம் என்று பழைய சட்டம் எல்லை வகுத்திருந்ததால்தான் அத்தீர்ப்பு சாத்தியமாயிற்று. இன்று அந்த எல்லை தகர்க்கப்பட்டுவிட்டது. பொருளாதார நடவடிக்கைகளையும் வேலைவாய்ப்பையும் பெருக்குவதற்காக என்று கூறியே, புதிய தொழிற்சாலைகளுக்குப் பணியிடப் பாதுகாப்புத் தொகுப்பின் எந்தப் பிரிவிலிருந்தும் மாநில அரசு விலக்கு அளிக்க முடியும். முதலாளிகள் கேட்கும் சலுகைக்கு இதைவிட அகலமான வாசல் எது?

விதிகள் அவைகளின் முன் 30 நாட்கள் வைக்கப்படும், அவற்றைத் திருத்தலாம் என்று சமாதானம் கூறப்படுகிறது. ஆனால் இரு அவைகளும் உடன்பட்டால்தான் திருத்த முடியும். அதுவரை விதிகள் செயல்பாட்டில் இருக்கும். மூல மசோதாக்களின் கதியே நமக்குத் தெரியும். அவற்றுள் மூன்று, எட்டு எம்.பி.க்கள் இடைநீக்கம் செய்யப்பட்டு எதிர்க்கட்சிகள் அவையைப் புறக்கணித்திருந்த நிலையில், 2020 செப்டம்பர் 23 அன்று மாநிலங்களவையில் நிறைவேற்றப்பட்டன.

2023 ஏப்ரலில் தமிழ்நாட்டில் 12 மணி நேர வேலைக்கு வழிவகுக்கும் திருத்த மசோதா பேரவைக்கு வந்தது. மசோதாவாக வந்ததால் நாடறிந்தது. இடதுசாரிக் கட்சிகளும் தொழிற்சங்கங்களும் எதிர்த்துக் களமிறங்கின. சில நாட்களில் அது திரும்பப் பெறப்பட்டது. அரசிதழின் ஒரு பக்கத்தில் வெளியாகும் அறிவிக்கைக்கு அத்தகைய விவாதமோ வாக்கெடுப்போ இல்லை.

எனவே, நான்கு தொகுப்புகளையும் ரத்து செய்ய வேண்டும் என்ற கோரிக்கை நாடாளுமன்ற ஜனநாயகத்தைக் காக்கும் கோரிக்கையும் ஆகும். வேலை நேரம், ஊதிய நெறி, பணிப் பாதுகாப்பு ஆகியவற்றின் வரம்புகள் சட்டத்திலேயே இடம்பெற வேண்டும். அவற்றில் எந்த மாற்றமும் அவையில் விவாதித்தே செய்யப்பட வேண்டும். போராடிப் பெற்ற உரிமைகளை ஓர் அதிகாரியின் கையெழுத்து பறிக்க அனுமதியோம் என்ற உறுதியுடன் தொழிலாளி வர்க்கமும் ஜனநாயக சக்திகளும் ஒன்றுபட்டு இப்போராட்டத்தை முன்னெடுக்க வேண்டும்.