உள்ளே ஒரே சில்லுதானா?

சிங்கப்பூரின் ஜூரோங்கிலும் துவாஸிலும் ஆலைகளுக்குக் கருவி வாங்கும் கூட்டங்களில் ஒரு வசனம் தவறாமல் வரும். "உள்ளே இருப்பது அதே இன்டெல் சில்லுதானே? தொழில்துறைக் கணினிப் பெட்டிக்கு எதற்கு மூன்று மடங்கு விலை? சிம் லிம் ஸ்கொயர் கணினிக் கடையில் இன்றைக்கே வாங்கிவிடலாம்." சொல்கிறவர் விவரம் தெரியாதவர் இல்லை, பெரும்பாலும் படித்த பொறியாளர், கம்பெனிப் பணத்தை வீணாக்கக் கூடாது என்று நினைப்பவர். சில்லு அதேதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த மூன்று மடங்கை யாரும் சில்லுக்காகக் கொடுப்பதில்லை.

1975இல் ஹனிவெல்லின் டிடிசி 2000, யோகோகாவாவின் சென்டம் என்ற ஆலைக் கட்டுப்பாட்டு அமைப்புகள் வந்தபோது பலகை முதல் திரை வரை எல்லாம் அவரவர் சொந்தத் தயாரிப்பு. தொண்ணூறுகளில் விண்டோஸ் என்டி கண்ட்ரோல் ரூம் திரைகளுக்குள் நுழைந்தது. அதைத் திருப்பி அனுப்பச் சொல்லவில்லை. வால்வையும் பர்னரையும் நேரடியாக இயக்கும் இடத்தில், மென்பொருளை ஏற்றிக் கடைக் கணினியையே பிஎல்சி (நிரல்வழிக் கட்டுப்படுத்தி) ஆக்கிவிடலாம் என்ற நம்பிக்கையோடுதான் என் சண்டை.

முதலில் காற்றைப் பாருங்கள். கச்சா எண்ணெயிலிருந்து கந்தகத்தைப் பிரிக்கும் இடத்தில் ஹைட்ரஜன் சல்ஃபைடு உண்டு. கழிவுநீர்த் தொட்டிப் பக்கமும் உண்டு. தொழிலாளியின் சட்டையில் தொங்கும் கேஸ் மீட்டர் பத்து லட்சத்தில் சில பங்கு இருந்தால்தான் கத்தும். கட்டுப்பாட்டுக் கருவிகள் இருக்கும் அறைகளுக்கான ஐஎஸ்ஏ 71.04 தரநிலையில், 'ஜி1' என்ற லேசான அரிப்பு வகுப்புக்கான அளவோ நூறு கோடியில் 3 பங்குக்கும் கீழே. மீட்டர் வாய் திறக்காமல் இருக்கும்போதே பலகை அரிபட்டுக்கொண்டிருக்கும். 2006 ஜூலையில் ஐரோப்பிய ஒன்றியம் மின்னணுப் பொருள்களில் ஈயத்தைக் கட்டுப்படுத்தியது. பலகை செய்பவர்கள் பலர் ஈயம் கலந்த மேற்பூச்சை விட்டு வெள்ளிப் பூச்சுக்குப் போனார்கள். பூச்சு விட்டுப்போன ஓரத்தில் செம்பு கந்தகத்தோடு சேர்ந்து கறுப்பாகப் படரும். ஈரக் காற்றில் இன்னும் வேகமாக, சுவரில் பாசி பிடிப்பதுபோல. பக்கத்துத் தடத்தைத் தொட்டதும் ஷார்ட். ஆலைக்கென்று செய்த பலகைகளில் இதற்காகவே மேலே மெல்லிய காப்புப் பூச்சு கேட்டு வாங்கலாம். கடைக் கணினியில் அது கிடையாது. அதன் விசிறி அந்தக் காற்றை இழுத்து இழுத்துப் பலகை மேலேயே ஊதும்.

அடுத்து, ஆயுள். ஜூரோங் தீவை அன்றைய பிரதமர் கோ சோக் டோங் அதிகாரபூர்வமாகத் திறந்துவைத்தது 2000 அக்டோபர் 14. ஆயர் மெர்பாவில் 1984இல் உற்பத்தி தொடங்கிய பெட்ரோகெமிக்கல் ஆலைக்கு அந்த விழாவின்போதே 16 வயது. திறப்பு விழாவுக்குச் சரியாக 25 ஆண்டு கழித்து, 2025 அக்டோபர் 14 அன்று, விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. இடையில் எக்ஸ்பி, விஸ்டா, 7, 8 எல்லாம் வந்து போய்விட்டன. அதே விண்டோஸ் 10இன் ஐஓடி எல்டிஎஸ்சி 2021 என்ற தொழில்துறைப் பதிப்புக்கு மட்டும் 2032 ஜனவரி வரை ஆதரவு உண்டு. உள்ளே எல்லாம் ஒன்றுதான் என்பவர் இந்த ஆறு வருடத்தை எந்தக் கணக்கில் எழுதுவார்? மதர்போர்டு கதை இன்னும் மோசம். இரண்டு வருடம் கழித்து அதே மாடல் எண்ணில் பெட்டி வரும். உள்ளே நெட்வொர்க் சில்லு மாறியிருக்கும், டிரைவர் ஒத்துவராது. நடுராத்திரி ஷிஃப்டில் அதோடு மல்லுக்கட்டுகிறவர் அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தவர் அல்லர்.

"விலை குறைவுதானே, இரண்டாக வாங்கி ஒன்றை ஸ்டாண்ட்பையில் வைப்போம்." இது அடுத்த வாதம், கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஒரே நாளில் ஒரே கடையில் வாங்கிய இரண்டும் ஒரே காரணத்தால் சாகும். இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் மட்டமான மின்தேக்கிகள் உப்பி வெடித்தன. டெல்லின் ஆப்டிபிளெக்ஸ் ஜிஎக்ஸ்270, ஜிஎக்ஸ்280 மாடல்கள் அதில் சிக்கின. பழுதான கணினிகளுக்காக 2005இல் அந்நிறுவனம் 30 கோடி டாலரை ஒதுக்க நேர்ந்தது. அவை குளிரூட்டிய அலுவலகங்களில் உட்கார்ந்திருந்த கணினிகள். பக்கத்தில் இன்னொன்றை வைத்திருந்தால் அதுவும் உப்பியிருக்கும். ஐஇசி 61508 தரநிலை இதைப் பொதுக் காரணப் பழுது என்று தனியாகவே கணக்கில் எடுக்கச் சொல்கிறது.

செயலிழக்கும் விதத்திலும் வித்தியாசம் உண்டு. பிஎல்சியின் நிரல் தொங்கினால் அதன் வாட்ச்டாக் டைமர் கண்டுபிடித்து, வெளியீடுகளை முன்பே தீர்மானித்த நிலைக்குக் கொண்டுபோகும். அந்த ஏற்பாடு இல்லாத கணினி உறைந்தால் வால்வு கடைசியாக இருந்த நிலையிலேயே நிற்கக்கூடும். திரையில் எண்களெல்லாம் அழகாகவே தெரியும். ஆபரேட்டருக்குச் சந்தேகம் வர அரைமணி ஆகலாம்.

எதிர்த்தரப்பின் கனமான வாதம் எக்ஸான்மொபில். ஜூரோங்கில் பெரிய சுத்திகரிப்பு ஆலை வைத்திருக்கும் அந்நிறுவனமே மூடிய கட்டுப்பாட்டு அமைப்புகளால் சலித்துப்போனது. அது எடுத்த முயற்சியில்தான் 2016இல் ஓப்பன் ப்ராசஸ் ஆட்டோமேஷன் ஃபோரம் பிறந்தது. "அவர்களே திறந்த வன்பொருளுக்குப் போகிறார்கள் பார்" என்பார்கள். பார்த்தேன். அவர்கள் கேட்பது, ஒரு நிறுவனத்தின் பலகையைக் கழற்றி இன்னொரு நிறுவனத்தின் பலகையை மாட்டினாலும் ஆலை ஓட வேண்டும் என்பது. அதே மாடலுக்கே மாற்று கிடைக்காத கடைப் பெட்டி அந்தக் கோரிக்கைக்கு நேர் எதிர். மூடிய அமைப்பென்றால் பத்திரம் என்றும் நான் சொல்லவில்லை. 2017இல் சவூதி பெட்ரோகெமிக்கல் ஆலையில் ட்ரைட்டன் என்ற தீநிரல் புகுந்தது ட்ரைகோனெக்ஸ் என்ற தனிவகைப் பாதுகாப்புக் கட்டுப்படுத்திக்குள்தான்.

ரிப்போர்ட் அச்சடிக்க, பழைய டிரெண்டு பார்க்க, புதிதாக வந்த பையன்களுக்குப் பயிற்சி கொடுக்கக் கடைக் கணினி தாராளமாகப் போதும். அங்கே தொழில்துறைக் கணினி வாங்குவதுதான் வீண்செலவு. பர்னர், டோசிங் பம்ப், பாய்லர் நீர்மட்டம் இவற்றைத் தொடும் பெட்டி என்றால், விற்பவரிடம் நான்கு விஷயம் எழுத்தில் கேளுங்கள்: இதே பலகை எத்தனை வருடம் கிடைக்கும், எத்தனை டிகிரி வரை தாங்கும், எந்த ஜி வகுப்புக் காற்றில் வேலை செய்யும், தொங்கினால் வெளியீடுகள் எந்த நிலைக்குப் போகும். இதற்குப் பதில் தராதவரின் விலைப்புள்ளியை ஒப்பீட்டுப் பட்டியலில் சேர்க்கவே வேண்டாம்.